சிலிண்டர் சுருங்காது

செந்தில்,

உன் கல்யாணப் பத்திரிகையில் உன் பெயருக்குக் கீழே 'டிசைன் இன்ஜினியர்' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறோம். பத்திரிகை வைக்கப் போகிற வீடுகளில் எல்லாம் அந்த இரண்டு வார்த்தைகளில்தான் விரல் வைக்கிறார்கள். பையன் என்ன டிசைன் பண்றான், புடவையா, நகையா என்று கேட்கிறார்கள். சமையலறை அலமாரி என்று சொன்னதும் முகம் கொஞ்சம் இறங்குகிறது. நேற்று வீராம்பட்டினத்தில் உன் அப்பாவின் சிநேகிதர் வீட்டில் ஒரு அம்மாள் நேராகவே கேட்டுவிட்டார். "கிச்சனுக்கு எதுக்குங்க இன்ஜினியரு? மேடை கட்டி அடுப்ப வெச்சா ஆச்சு." நான் சிரித்துவிட்டுக் காபியைக் குடித்தேன். பஸ் ஏறிய பிறகுதான் எனக்கே என் மேல் கோபம் வந்தது. இந்த ஊரில் கலெக்டர் ஆபீசு முதல் மீன் ஏலம் வரை என்ன நடந்தாலும் நாலு பத்தியில் எழுதிக் கொடுத்தவள் நான். என் மகன் என்ன வேலை செய்கிறான் என்பதை மட்டும் இதுவரை எழுதியதில்லை. ஞாயிறு இதழில் இடம் தருகிறேன் என்று எங்கள் பத்திரிகை ஆசிரியர் சொல்லியிருக்கிறார். உனக்குக் கூச்சமாக இருக்கும். பொறுத்துக்கொள். உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் திரும்பச் சொல்லப் போகிறேன். அந்த அம்மாளும் படிப்பார் அல்லவா, அதற்காக.

நீ தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் அந்த ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததை நான் மறக்கவில்லை. ஒரு வீட்டுக்குச் சமையலறை செய்ய வேண்டும் என்றால், போன மாதம் வேறொரு வீட்டுக்குச் செய்த கணினிக் கோப்பை அப்படியே நகல் எடுத்து, சுவரின் நீளத்தை மாற்றி, அகலத்தை மாற்றி, பலகை அறுக்க அனுப்பிவிடுவார்கள். அந்தப் போன மாதக் கோப்பும் அதற்கு முந்தைய மாதக் கோப்பின் நகல்தான். எங்கோ ஒரு டிராயர் பழைய வீட்டு அளவிலேயே தங்கிவிடும். அது மாட்டுகிற இடத்தில்தான் தெரியவரும். நீ சொன்னபோது எனக்கு உடனே எங்கள் ஆபீசு நினைவுதான் வந்தது. வீராம்பட்டினம் தேர்த் திருவிழாச் செய்தியை எங்கள் நிருபர் ஒருவர் ஒவ்வோர் ஆடியிலும் போன வருஷத்து நகலை வைத்துத்தான் எழுதுவார். வடம் பிடித்துத் தொடங்கிவைக்கிறவர் ஆளுநர், கூட்டம் அலைமோதியது, பக்தர்கள் பரவசம். எதுவும் மாறாது. ஒரு வருஷம் ஆளுநர் மாறியிருந்தார். செய்தியில் மாறவில்லை. ஊரைவிட்டே போய்விட்ட பழைய ஆளுநர் எங்கள் பத்திரிகையில் மட்டும் வடம் பிடித்தார். நீ இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அதேதாம்மா. எது மாறும், எது மாறாதுன்னு முன்னாடியே பிரிச்சு வெக்கல, அதான் கோளாறு" என்றாய்.

அந்த ஒரு வரிக்காக நீ எத்தனையோ மாதம் உழைத்தாய். ஆர்டருக்கு ஒன்றாகக் குவிந்து கிடந்த கோப்புகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு மூலக்கோப்பு செய்தாய். அதில் ஒரு வீட்டுக்கு உரிய சில அளவுகளைக் கொடுத்தால் போதும்: சுவர் எவ்வளவு நீளம், மேடை எவ்வளவு உயரம், தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம். மற்றதெல்லாம் அவற்றிலிருந்து தானே கணக்காகிவிடும். அலமாரி எத்தனை, பலகை என்ன அளவு, கீல் எங்கே, கைப்பிடி எங்கே. இப்படி வெளியிலிருந்து கொடுக்கிற அளவுகளுக்குப் பாராமீட்டர் என்று பெயர் என்று சொல்லிக்கொடுத்தாய். கணினி அவற்றுக்குத் தானாக வைக்கிற பெயர் வெறும் எழுத்தும் எண்ணும்தானாம். நாற்பத்தேழாவது அளவு எது என்று கேட்டால் போட்டவனுக்கே தெரியாது. நீ ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாய். அதுவும் ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்: மேடை உயரம், அடிப்பலகை, கதவு இடுக்கு. உன் முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா செந்திலு, கம்ப்யூட்டர்ல தமிழ் வாத்தியார் வேல பாக்கிறியா?" என்று கேட்டாராம். நீ இல்லாத நாளிலும் பக்கத்து மேசைப் பையனால் அந்தக் கோப்பைத் திறந்து படிக்க முடிந்தது என்று பிறகு அவரே என்னிடம் சொன்னார். தனக்குப் பின்னால் வருகிறவன் தடுமாறக் கூடாது என்று நினைத்து எழுதுகிறவர்களை நான் என் தொழிலிலும் அதிகம் பார்த்ததில்லை.

இனி உன் பெரியம்மா வீட்டுக் கதை. என் அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது மாமா, உன் பெரியப்பா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தார். அவர் கிட்டத்தட்ட நிலைப்படி உயரம். அக்கா அவருடைய மார்புக்குக்கூட வரமாட்டாள். கல்யாணம் முடிந்து பிரான்சில் தூலோனுக்குப் போனார்கள். அங்கே பட்டாளக் குடியிருப்பில் கட்டிவைத்திருந்த சமையல் மேடை அந்த நாட்டுப் பெண்களின் உயரத்துக்கு. அக்கா ஒரு பலகைப் பெட்டியின் மேல் ஏறி நின்று சமைத்தாள். குடியிருப்பு மாறும்போதெல்லாம் பெட்டியும் கூடவே போனது. பென்ஷனில் ஊர் திரும்பி முதலியார்பேட்டையில் வாடகைக்கு இருந்தார்கள். அங்கேயும் மேடை உயரம்தான், பெட்டியும் இருந்தது. கடைசியில் மூலக்குளத்தில் மனை வாங்கிச் சொந்தமாக வீடு கட்டினார்கள். வில்லியனூர் சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி மாமா முகப்பு வைத்தார். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். உன்னைக் கூப்பிட்டு, "டேய், எனக்குத் தரையில நின்னு சமைக்கணும்டா" என்றாள்.

நீ சுவரை அளப்பதற்கு முன்னால் அவளை அளந்தாய். கையை மடக்கி நிற்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை டேப்பைப் பிடித்தாய். அதற்கு அரைச்சாண் கீழே மேடை வர வேண்டும் என்றாய். அக்கா வெட்கத்தில் சிரித்துக்கொண்டே, "ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கிற டெய்லரு மாதிரி இருக்கிறான்டி உன் புள்ள" என்றாள். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "பட்டாளத்துல எல்லாருக்கும் ஒரே உயரத்துலதான் கட்டிலு, ஒரே உயரத்துலதான் மேசை. ஒருத்தனும் சாவல" என்றார். உங்கள் ஷெட்டில் எல்லா வீட்டுக்கும் போகிற மேடையைவிட நாலு அங்குலத்துக்கும் கொஞ்சம் அதிகமாகவே அக்காவுடையது தாழ்வு. மூலக்கோப்பில் மேடை உயரம் என்ற ஓர் எண்ணை மட்டும் நீ மாற்றினாய். திரையில் சமையலறை முழுவதும் ஒரே சீராக இறங்கி நின்றது. அந்தப் படத்தை அச்செடுத்து அக்காவிடம் கொடுத்தாய். அடுப்புக்குக் கீழே அலமாரி, அலமாரிக்குள் சிவப்பு சிலிண்டர், சுற்றிலும் அளவாக இடம். அக்கா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தைய நாள் மத்தியானம் நான் அங்கேதான் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் பிட்டர் அந்துவான் அலமாரிகளை மாட்டி, கருங்கல் மேடையைத் தூக்கி மேலே வைத்திருந்தார். கல்லை இன்னும் ஒட்டவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்து மாமா சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். அந்துவான் அதைத் தூக்கி அலமாரிக்குள் நகர்த்தினார். போகவில்லை. சாய்த்துப் பார்த்தார். போகவில்லை. மாமா அவரை விலக்கிவிட்டுத் தானே தள்ளினார். மேல் வளையம் பலகையில் இடித்து ஒரு சத்தம் வந்தது. வீட்டில் இருந்த அத்தனை பேரும் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டோம்.

நீ ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது உனக்கு முன்னாலேயே மாமா நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். நீ தரையில் உட்கார்ந்து சிலிண்டரை அளந்தாய், அலமாரியை அளந்தாய். பிறகு சுவரில் ஒட்டியிருந்த படத்தை வெகுநேரம் பார்த்தாய்.

"படத்துல சரியாத்தானடா இருக்குது?" என்றாள் அக்கா.

"படத்துல சரியாத்தான் இருக்கும் பெரிம்மா. நான் மேடைய எறக்குனேன். அலமாரி எறங்குச்சு. உள்ள இருந்த சிலிண்டரையும் அலமாரியோட சேத்துக் கட்டி வெச்சிருந்தேன். அதுவும் கூடவே குட்டையாயிடுச்சு. இத்தினி நாளும் எல்லா வீட்டுக்கும் ஒரே உயரம், அதனால தெரியல."

"அப்ப ஒன்னு பண்ணு" என்றார் மாமா. "கேஸ்காரனுக்குப் போன் போட்டு, எம் மருமவன் கம்ப்யூட்டர்ல இருக்கிற சிலிண்டர அனுப்புடான்னு சொல்லு."

அந்துவான் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார். மாமாவுக்கு நீ மகன் முறை. அவர் உன்னை மருமகன் என்று சொல்வது கோபம் வந்தால் மட்டும்தான்.

உன் முதலாளியும் வந்தார். கெட்டிக்கார மனிதர், நொடியில் வழி கண்டுபிடித்துவிட்டார். ஷெட்டில் வழக்கமான உயரத்து அலமாரிகள் தயாராக இருக்கின்றன, லோடு ஆட்டோவில் ஏற்றினால் பொழுது சாய்வதற்குள் மாட்டிவிடலாம், சிலிண்டர் உள்ளே போகும், விடிந்தால் பால் காய்ச்சலாம். மாமாவுக்கு நிம்மதி. பிறகு முதலாளி உன்னைப் பின்கதவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்ப் பேசினார். நான் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்ட அங்கே போயிருந்தேன். காதில் விழுந்தது.

"தப்பு கிப்புன்னு பேசாத. சிலிண்டரு இந்த சைசு, அதனால மேட இதுக்குக் கீழ எறங்காதுன்னு சொல்லிடு. பொய்யும் இல்ல பாரு."

"எறங்கும் சார்" என்றாய்.

"எறங்கும்னு எனக்குந் தெரியுண்டா. நாளைக்கு முகூர்த்தம். எறங்குறது முக்கியமா, அடுப்பு எரியறது முக்கியமா?"

அவர் போன பிறகு நானும் உன்னிடம், அவர் சொல்வதைக் கேளுடா என்றுதான் சொன்னேன். வேலையைக் கெடுத்துக்கொள்வாயோ என்ற பயம். நீ என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாய்.

அங்கே அக்கா முடிவே செய்துவிட்டிருந்தாள். "வுடுடா செந்திலு. பழகுன பெட்டிதான. கெடக்குது இன்னும். அது மேல நின்னுக்கிறேன்" என்றாள். வாய் அப்படிச் சொன்னது. இரண்டு கையும் கருங்கல் மேடையின் மேல் விரிந்திருந்தன. தோள் இறங்கி, முழங்கை இயல்பாக மடங்கி, முதல்முறையாக ஒரு சமையல் மேடை முன்னால் அவள் தன் வீட்டில் நிற்கிற மாதிரி நின்றாள். கையை எடுக்கவே இல்லை. நீயும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இல்ல பெரிம்மா" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாய். "மேட சரியான உயரந்தான். தப்பு அலமாரியில, அதுவும் இந்த ஒரு அலமாரியில. எந் தப்பு. மத்ததத் தொட வேணாம். பொழுது எறங்கறதுக்குள்ள சரி பண்ணித் தர்றேன். முடியலன்னா சார் சொல்ற மாதிரி பண்ணிக்கலாம்."

நீ சொன்ன வழி எளிமையானது. அலமாரிகள் எல்லாம் தரையிலிருந்து அரைச்சாண் உயரத்தில் கால்களின் மேல் நிற்கின்றன. சிலிண்டர் அலமாரிக்கு மட்டும் அடிப்பலகையையும் அந்தக் கால்களையும் எடுத்துவிட்டு, எடுத்த பலகையை அறுத்து ஒட்டுக் கொடுத்துப் பக்கப் பலகைகளைத் தரைவரை நீட்டினால், சிலிண்டர் தரையிலேயே நிற்கும். மேலே இடம் தாராளம்.

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. "அடி இல்லாத அலமாரியா? வீடு கழுவுற தண்ணி உள்ள போவும். பல்லி, கரப்பான் எல்லாம் குடி வரும். எந்தக் காட்டலாக்ல இருக்குது இது? எம் பேரு போட்டு விக்கிறண்டா."

"கேஸ் கசிஞ்சா கீழதான் எறங்கும் சார். காத்த விட கனம். அடி மூடியிருந்தா பெட்டிக்குள்ளயே தேங்கி நிக்கும். தொறந்திருந்தா வெளிய போயிடும், வாசன தெரியும். நாம இவ்ளோ நாளா மூடி வெச்சதுதான் சரியில்ல."

அவர், "தண்ணிக்கு?" என்று மட்டும் கேட்டார். மேடைக்கு அறுத்த கருங்கல்லில் மிஞ்சிய துண்டு ஒன்று வாசலில் கிடந்தது. அதை அடியில் போட்டால் சிலிண்டர் நனையாது என்றாய். சிலிண்டரின் உயரத்தோடு அந்தக் கல்லின் கனத்தையும் சேர்த்து மறுபடி ஒருமுறை அளந்தாய். அந்தச் சூட்டிலும் நீ அதை மறக்கவில்லை என்பது எனக்குப் பெரிதாகப் பட்டது.

அந்துவான் அறுக்கிற இயந்திரத்தைச் சொருகினார், கரண்டு போய்விட்டது. மூலக்குளத்தில் அப்போது கரண்டு போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மாமா, "பொழுதும் போவுது, கரண்டும் போவுது" என்று முற்றத்தில் நடந்தார். கைரம்பம்தான் இருந்தது. நீ பலகையை முழங்காலால் அழுத்தினாய், அந்துவான் அறுத்தார். பலகை ஆடியது. கோடு விலகினால் மாற்றுப் பலகைக்கு ஷெட்டுக்குத்தான் போக வேண்டும். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து மறுமுனையில் உட்கார்ந்தார். "புடிக்கிற லட்சணத்தப் பாரு. தள்ளு" என்றார். அறுத்த ஓரங்களில் தண்ணீர் இறங்காமல் வார்னிஷ் அடித்து, வெயிலில் சாய்த்துக் காயவைத்து, திரும்பவும் மாட்டியபோது தெருவில் மாடு திரும்பிக்கொண்டிருந்தது. சிலிண்டர் உள்ளே போனது. ரெகுலேட்டரைப் போட்டுத் திருப்பக் கையும் உள்ளே போனது. மேடையின் உயரம் ஓர் இழைகூட மாறவில்லை. மாமா குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். "போங்கடா, போயி எதனா சாப்புடுங்க" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

மறுநாள் விடியற்காலை ஹோமப் புகையோடு எல்லோரும் சமையலறைக்குள் நெருக்கியடித்து நின்றோம். அக்கா புதுப் பட்டுப்புடவையில், வெறுங்காலோடு, புதுத் தரையில் நின்று அடுப்பைப் பற்றவைத்தாள். பித்தளைப் பாத்திரத்தில் பால். நான் அவள் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் என் கையைப் பிடித்தாள். "பால் மேல வர்றது தெரியுதுடி" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. பால் பொங்குவது யாருக்குத்தான் தெரியாது? அப்புறம்தான் விளங்கியது. பெட்டியின் மேல் நின்றாலும் உயரமான பாத்திரத்தின் உட்புறம் அவள் கண்ணுக்கு எட்டியதில்லை. இத்தனை வருஷமும் பாலையும் சோற்றையும் சத்தத்தை வைத்தும் வாசனையை வைத்தும்தான் இறக்கியிருக்கிறாள். அன்றைக்குப் பொங்கி வழிகிற வரை கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய். குலவைச் சத்தத்தில் அவள் சொன்னது உனக்குக் கேட்டிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

அக்காவை எல்லோரும் அனுசரித்துப் போகிறவள் என்று புகழ்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். எந்த ஊருக்கு மாற்றல் வந்தாலும், எந்தக் குடியிருப்பைக் கொடுத்தாலும் அவள் பொருந்திப் போனாள் என்று. அந்த மத்தியானம் உன் படத்தில் சிலிண்டர் பொருந்தியிருந்த அழகைப் பார்த்த பிறகு அந்தப் புகழ்ச்சி எனக்கு வாயில் வருவதில்லை. அவள் எங்கேயும் பொருந்தவில்லை. பெட்டி மேல் ஏறி நின்றாள், அவ்வளவுதான். நாங்கள்தான் படத்தைப் பார்த்துத் திருப்தியாக இருந்தோம்.

தவறு செய்யாதவர்கள் யார் என்று ஆறுதல் சொல்லி இதை முடித்துவிடலாம். நான் மதிக்கிறது அதற்குப் பிறகு நீ செய்ததை. அந்த ஒரு சிலிண்டரை மட்டும் திருத்திவிட்டு நீ கோப்பை மூடவில்லை. வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி, கோப்பிலிருந்த ஒவ்வோர் எண்ணையும் எடுத்து வைத்துக்கொண்டு, "நீ யாரக் கேட்டு மாறுவ?" என்று கேட்டாய். உன் அப்பா, பையனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று என்னைப் பார்த்தார். எனக்கு அது அந்நியமாக இல்லை. செய்தியில் ஒரு வரி எழுதினால் இதை யார் சொன்னது என்று ஆசிரியர் கேட்பார். அதே கேள்விதான். சில எண்கள் வீட்டுக்காரர்கள் சொல்லி மாறுகிறவை. சில, அவற்றைப் பார்த்துத் தாமாக மாறுகிறவை. இன்னும் சில யார் சொன்னாலும் மாறக் கூடாதவை: சிலிண்டர், அடுப்பு, கிரைண்டர். அப்படிப்பட்டதை எல்லாம் அலமாரியிலிருந்து அவிழ்த்து, தனியே பூட்டிவைத்தாய். மேடையை எவ்வளவு இறக்கினாலும் இனி சிலிண்டர் அசையாது. இடிக்கிற அளவுக்கு இறக்கினால் கோப்பே நின்று, எது இடிக்கிறது என்று வார்த்தையில் சொல்லும். அடியில்லாத அலமாரியையும் அதில் ஒரு வகையாகச் சேர்த்துவிட்டாய். உன் முதலாளி இப்போது அதற்கு மூலக்குளம் மாடல் என்று பெயர் வைத்து, அது ஏதோ தன் கனவில் வந்த மாதிரி விற்றுக்கொண்டிருக்கிறார்.

கோப்பு கேட்கிற முதல் கேள்வியையும் மாற்றினாய். முன்பு சுவர் நீளம்தான் முதலில் இருந்தது. இப்போது சமைக்கிறவர் யார், அவருடைய முழங்கை உயரம் என்ன என்பது முதலில். அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. ஒருநாள் உனக்குச் சாப்பாடு கொடுக்க ஷெட்டுக்கு வந்தபோது பார்த்தேன். சஃபாரி சட்டை போட்ட ஒருவர், வீட்டு வரைபடம், பளிங்குக்கல் சாம்பிள், கதவு நிறம் எல்லாவற்றையும் சுத்தமாகக் கொண்டுவந்திருந்தார். அந்த முதல் கேள்வியில் நின்றுவிட்டார்.

"உயரமா? நம்ம தோளுக்கு வருவாங்க. எல்லாம் நார்மல் உயரந்தான் சார். நீங்களே எதுனா போட்டுக்கிங்க."

"நான் போட முடியாதுங்க. கேட்டுச் சொல்லுங்க" என்றாய் மரியாதையாக.

அவர் போனை எடுத்தார். "இன்னாது... இல்ல, நல்லாத்தான் இருக்கிறேன்... ஒன் முழங்க எவ்ளோ ஒசரம்? ... இல்லம்மா, குடிக்கல்லாம் இல்ல" என்று அவர் கெஞ்சியதைக் கேட்டு ஷெட்டே திரும்பிப் பார்த்தது. அடுத்த நாள் அந்த அம்மாள் தானே வந்தாராம். கதவு நிறம் முதல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் போனாராம். வீராம்பட்டினத்து அம்மாளுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான். அடுப்பு வைக்க இன்ஜினியர் வேண்டாம். யாருக்காக வைக்கிறோம் என்று கேட்டு, கேட்டதை எவனும் தாண்டிப் போகாதபடி செய்துவைக்க ஒருவன் வேண்டியிருக்கிறது.

கல்யாணம் முடிந்ததும் நீயும் பவித்ராவும் முதலியார்பேட்டை மாடி வீட்டில் குடியிருக்கப் போகிறீர்கள். வாடகை வீடுதான் என்றாலும், கழற்றி எடுத்துப் போகிற மாதிரி சமையலறையை நீயே செய்கிறாய் என்று கேள்விப்பட்டு எனக்குச் சந்தோஷம். போன வாரம் நீ மடிக்கணினியோடு என்னிடம் வந்து உட்கார்ந்தாய். முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டதாகச் சொன்னாய். "ரெண்டு பேரும் சமைப்போம்மா. அவ குட்டை, நான் பெரிப்பா மாதிரி வளந்து நிக்கிறேன். ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம் வெச்சிருக்கேன். நடுவுல ஒரு அளவு போட்டா ரெண்டு பேருக்கும் இடுப்பு வலிக்கும். அடுப்புப் பக்கம் அவ உயரம், காய் நறுக்கற பக்கம் என் உயரம்னு ரெண்டா ஒடைக்கலாமா? இல்ல, மொத்தமும் அவ உயரத்துக்கே போட்டுட்டு நான் குனிஞ்சுக்கட்டுமா? நீ இன்னா சொல்ற?" அன்றைக்குப் பத்திரிகை உறைகளில் பெயர் எழுதுகிற அவசரத்தில் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்துவிட்டேன். இரண்டாக உடைப்பது நல்ல யோசனையாகத்தான் தோன்றுகிறது. நீ குனிவதும் மனசுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பேசி முடித்ததும் நான் உன்னிடம் ஒன்று கேட்டேன், நினைவிருக்கிறதா? பவித்ரா என்ன சொன்னாள் என்று. நீ, "இன்னும் கேக்கலம்மா. முடிச்சிட்டுக் காட்டி ஆச்சரியப்படுத்தலாம்னு இருந்தேன்" என்றாய்.

செந்தில், இன்று ஞாயிறு, அவளுக்குப் பேங்க் கிடையாது, வீட்டில்தான் இருப்பாள். இதைப் படித்ததும் அவளுக்குப் போன் போடு.

அம்மா